நாங்கள் அடைத்துவிட்ட ஓட்டை

அக்கா,

அச்சகத்திலிருந்து சரிபார்ப்பதற்காக வந்த தாள் என் மேசையில் கிடக்கிறது. அறை முழுக்க மை வாசனை. எங்கள் நூதனசாலையில் வரும் மாதங்களில் நடக்கப்போகும் கண்காட்சிகளும் பொது நிகழ்ச்சிகளும் அதில் இருக்கின்றன. இப்படி ஒரு தாள் வந்தால் முதலில் பறித்துப் பார்ப்பவர் நீங்கள்தான். எந்தச் சனிக்கிழமைக்கு லீவு இல்லாமல் போகிறது என்று விரலால் தேடிவிட்டு, "உங்களுக்கு வேறை நாளே கிடைக்கேல்லை, மிஸ்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

இம்முறை பறிக்க ஆளில்லை. நானே வாசித்தேன். முதலாவது கண்காட்சி யாழ்ப்பாணக் களப்பில் மீன்பிடித் தொழில் செய்பவர்களின் கருவிகளைப் பற்றியது. அதன் வாசலிலேயே நிற்கப்போவது உங்கள் கரப்பு.

‘உங்கள்’ என்று இன்று எழுதுகிறேன். அன்று அதைக் கரப்பு என்று சொல்லவே நான் உங்களை விடவில்லை.

எனக்கு முன்பிருந்தவர் பதிவேட்டில் எழுதிவைத்திருந்தது இவ்வளவுதான்: ‘குச்சிக் கூடை. அடி உடைந்தது.’ நான் அச்சுவேலித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வெங்காயம், புகையிலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். களப்பில் முழங்கால் நனைய இறங்கியதில்லை. பதிவேடு சொன்னதை அப்படியே நம்பினேன். அகன்ற வாய் மேலே, ஒடுங்கிய பக்கம் கீழே, கீழே கை நுழையுமளவுக்கு ஒரு ஓட்டை. கூடையின் அடியில் ஓட்டை இருந்தால் அது உடைந்த கூடைதானே? பிரம்பு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து அந்த ஓட்டையை அழகாகப் பின்னி அடைப்பித்தேன். பழைய பொருளுக்குப் புத்துயிர் கொடுத்துவிட்ட பெருமையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். படம் எடுத்து மேலிடத்துக்கும் அனுப்பினேன்.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரான நீங்கள் துடைக்கும் துணியோடு வந்தீர்கள். பெட்டிக்கு முன்னால் நின்றீர்கள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

"மிஸ், உதை ஏன் அடைச்சனீங்கள்? உது கரப்பெல்லோ. தலைகீழா வேறை வைச்சிருக்கிறியள்."

"இல்லை அக்கா, பதிவேட்டிலை கூடை எண்டுதான் கிடக்கு."

"பதிவேடு எப்ப மிஸ் களப்புக்கை இறங்கினது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருநகர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறாரே, ஒரு தடவை விசாரிப்போம் என்று தோன்றவுமில்லை. நான் பட்டம் பெற்ற அதிகாரி. நீங்கள் கண்ணாடி துடைப்பவர். அன்று என் தலைக்குள் இருந்தது இதுதான். வெட்கம் கெட்ட நினைப்பு. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சில மாதம் கழித்து ஒரு பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள். என் அறைக்குள் இருந்த எனக்குக் கூடத்திலிருந்து கூச்சலும் சிரிப்பும் கேட்டன. வந்து பார்த்தால், நீங்கள் கடதாசிக் குப்பை போடும் கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிலத்தில் குத்திக்கொண்டு வருகிறீர்கள்.

"பிள்ளையள், தண்ணி முழங்கால் மட்டும்தான். மெதுவா நடக்கவேணும். மீன் துடிச்சால் டக்கெண்டு அதுக்கு மேலை கரப்பைக் குத்தவேணும். இனி மேலை இருக்கிற ஓட்டைக்குள்ளாலை கையை விட்டு..."

பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்து நடந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் கண்டதில்லை. கூட வந்த ஆசிரியை, விளக்கச் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே என்று என்னிடம் கேட்டார். நான் அத்தனை பேருக்கும் முன்னால் உங்களைப் பார்த்துச் சொன்னேன்: "அக்கா, எழுதியிருக்கிறதை மட்டும் சொன்னால் காணும்."

"சரி, மிஸ்" என்றீர்கள். குப்பைக் கூடையை அதன் மூலையில் கொண்டுபோய் வைத்தீர்கள்.

அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. யாராவது பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால், "எழுதிக் கிடக்கு, வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் போய்விடுவீர்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நெஞ்சு நோகிறது என்று சொல்லி வெளிக்கிட்டீர்கள். "திங்கட்கிழமை வாறன், மிஸ். கூடத்துப் பூட்டின்ரை திறப்பு மேசையிலை கிடக்கு." திங்கட்கிழமை திறப்பு மட்டும்தான் மேசையில் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டோடு முற்றத்தில் நிற்கிறேன். வேலியோரம் அகன்ற வாய் நிலத்தில் படிய அதே மாதிரி ஒன்று நிற்கிறது. உங்கள் கணவர் குனிந்து மேலிருந்த ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு கோழியைத் தூக்கி எடுத்தார்.

"அண்ணை, உது கோழிக்கோ?"

"இப்ப கோழிக்கு. முந்தி மாமா, அவவின்ரை அப்பா, களப்பிலை குத்தின கரப்பு."

"மேலை ஏன் ஓட்டை?"

அவர் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஓட்டை இல்லாட்டில் மீனை எப்பிடி எடுக்கிறது மிஸ்? அவ உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவ" என்றேன். வீட்டுக்காரர் பார்க்கிறார்களே என்று தட்டிலிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த நாளே பெட்டியைத் திறந்தேன். சிறு கத்தியால் அந்தப் பிரம்புப் பின்னலை ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். அரை நாள் பிடித்தது. பழைய குச்சிகள் ஒன்றும் முறியவில்லை; முறிந்திருந்தால் என்னை நான் மன்னித்திருக்க மாட்டேன். ஓட்டையின் விளிம்பு எவ்வளவு வழவழப்பு தெரியுமா, அக்கா? எத்தனை கைகள் போய் வந்த இடம்! இதையா நான் உடைந்தது என்றேன்?

இப்போது கரப்பு நேராக நிற்கிறது. விளக்கச் சீட்டையும் நானே எழுதினேன்: ‘களப்பில் மீன் பிடிக்கும் கரப்பு. பல வருடங்களாக இதை நாங்கள் தலைகீழாக வைத்து, கூடை என்று எழுதி, கை விடும் ஓட்டையையும் அடைத்திருந்தோம். பிழை என்று சொன்னவர் இக்கூடத்தின் உதவியாளர்.’ அடுத்து உங்கள் முழுப்பெயர். நிகழ்ச்சித் தாளிலும் அதே வரிகளைப் போட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு மேலதிகாரியிடமிருந்து தொலைபேசி வந்தது. இந்தத் தாளின் ஒரு படி அவருக்கும் போயிருந்தது.

"திருத்தி வைச்சது நல்லது. ஆனா பிழை விட்டம் எண்டு நாங்களே ஏன் தண்டோரா போடவேணும்? அந்த வரியை எடுங்கோ. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும், சேர். முதல் சிரிச்சவ சொன்னதை நான் கேட்டிருந்தால் இந்த வரியே தேவைப்பட்டிராது."

"உங்கடை பதவி உயர்வுக்கு நேர்முகம் வருகுது. யோசிச்சுச் செய்யுங்கோ."

"யோசிச்சுத்தான் எழுதினனான். பொறுப்பு என்ரை."

தொலைபேசியை வைத்தேன். தாளில் ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன், பின்னேரம் அச்சகத்துக்குப் போகிறது. நேர்முகத்தில் கேட்டால் அங்கேயும் இதையே சொல்வேன்.

இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் பெட்டிகளைத் திறந்து வைப்போம். கொழும்புத்துறையிலிருந்தும் குருநகரிலிருந்தும் கடற்றொழிலாளரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வருவார்கள். பொருட்களைக் கையில் எடுத்துக் கதைப்பார்கள். அவர்கள் சொல்வது பதிவேட்டில் ஏறும். அதில் முதல் நாளே உங்கள் கணவர் வருகிறார். பாடசாலைப் பிள்ளைகளைக் கொழும்புத்துறைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கிக் காட்டப் போகிறார். ஓம், சனிக்கிழமைதான். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

வெட்டி எடுத்த பின்னல் வட்டம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அது கண்காட்சிக்கு இல்லை, எனக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசல் காவலாளி வந்து தயங்கி நின்றார். அரியாலைக்காரர், உங்களுக்குத் தெரியும்.

"மிஸ், குறை நினைக்கக் கூடாது. அந்தத் தோணிப் படத்திலை குருநகர் எண்டு எழுதிக் கிடக்கு. அது எங்கடை அரியாலைக் கரை."

அவசர வேலை இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். பேனா எடுக்கத் திறந்த லாச்சி இன்னும் மூடாமல் கிடந்தது; உள்ளே அந்தப் பின்னல் வட்டம்.

பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். பதிவேட்டை விரித்தேன்.

"இருங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன்.