ஷூ போட்ட கால்

12, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மஞ்சக்குப்பம் கிரவுண்டில் ஓட்டம், பிறகு கயிறு தாண்டல். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே ஓடுகிறார். மீன்பிடி ஊர்க்காரர், கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த கால். ஞாயிறு சென்னையில் டான்ஸ் கேம் ஜோடிப் போட்டி; திரையில் அம்பு வர வர, மெஷினில் அதே அம்புக்குறியைக் காலால் மிதிக்கணும். தேறினால் ரெண்டு பேருக்கும் மாநில டீமில் இடம். ஒருத்தர் சொதப்பினாலும் ஜோடியே அவுட். பால் வாங்க மறந்தாச்சு.

13, செவ்வாய்
போட்டிக்காரர்களிடமிருந்து மெசேஜ். மெஷின் மேல் ஷூ கட்டாயம்.
இத்தனை மாசமும் வெறுங்காலில்தான் பழகினேன். சிறுசிலிருந்து சிதம்பரத்தில் பரதம் படித்த கால். ஆடுகிற இடத்தில் செருப்போடு ஏறுவார்களா? இவர் முதலிலிருந்தே ஷூதான். என்னையும் போடச் சொன்னார். நான்தான் முறைத்தேன்.

15, வியாழன்
தூறல். கேம் சென்டரில் ஷூவோடு பிராக்டிஸ். அம்புக்குறி எங்கே முடிகிறது, காலுக்குத் தெரியவே இல்லை. ஒன்றை மிதித்தால் பக்கத்தில் இருப்பது எரிகிறது.
"தட்டாத, புள்ள, லேசா தொடு. முட்டி போயிடும்."
பரதக் கால், தட்டாமல் ஆட எனக்குத் தெரியாதே. வலது முட்டி வீக்கம். ஐஸ்.
"வேற யாரையாச்சும் சேத்துக்கோங்க மாமா."
"உன்னோட ஆடத்தான் போறேன். சும்மா இரு."
திட்டினால்கூடத் தேவலை.

16, வெள்ளி
சிதம்பரம், அம்மா வீடு. கால் பழகட்டும் என்று ஷூவோடு கூடத்தில் நடந்தேன். "வூட்டுக்குள்ள ஷூவா! கழட்டுடி." மொட்டை மாடிக்குப் போனேன். அங்கேயும் வந்துவிட்டாள். "ஷூ போட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாடி?" நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன். அழுகை. முட்டிக்குத் தைலம்.

18, ஞாயிறு
சென்னை. ஏசி குளிர். பெயர் கூப்பிட்டதும் ஏறினேன். குனிந்து, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன், எப்போதும்போல. நிமிர்வதற்குள் கை தானாக ஒரு ஷூவைக் கழற்றிவிட்டது.
"மேடம், ஷூ! ஷூ!" நடுவர்.
பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவசரத்தில் கால் உள்ளே போகமாட்டேன் என்கிறது. இவர் ஆடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் வந்து மண்டியிட்டார். என் காலைப் பிடித்து ஷூவுக்குள் நுழைத்தார்.
"வேணாம் மாமா, நீங்க ஆடுங்க, ஆடுங்க."
"இரு, ஷூ லேஸ கட்டிடுறேன்."
திரையில் ரெண்டு பக்கமும் அம்புகள் சும்மா போய்க்கொண்டிருந்தன.