ஒரே மாதிரி ஆயிரத்து அறுநூறு படங்கள்

மௌலா அலி
4-5-2008

அன்புள்ள கணவர் ஸ்ரீகாந்துக்கு,

சௌக்கியமா? நான் தோழி சபீனா வீட்டில் இருக்கிறேன். போனை எடுக்க மாட்டேன். மெயில் அனுப்பினால் அதையும் அழித்துவிடுவீர்கள், அதனால் பேப்பரில் எழுதுகிறேன்.

நாலு மாசம். மேஜைமேல் க்ளேயில் செய்து இறகு ஒட்டிய காக்கா, எதிரே ஸ்டாண்டில் காமிரா, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர். காக்காவின் கழுத்தை ஒரு நூலளவு திருப்பி ஒரு படம், இன்னும் ஒரு நூல் திருப்பி இன்னொரு படம். பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு நொடி. அது டம்ளரில் அலகை விட்டுக் காபி குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்ள ஆயிரத்து அறுநூறு படம் எடுத்தேன். தங்கை கல்யாணத்துக்குத் திருச்சி போய் மூன்றாம் நாள் வந்து பார்த்தால் ஒரே ஒரு படம் இருக்கிறது. "எல்லாம் ஒரே மாதிரி இருந்துது ப்ரியா, டிஸ்க் நிரம்பிப்போச்சு, நல்லதா ஒண்ணை வெச்சிருக்கேன்" என்றீர்கள், காபியை ஆற்றிக்கொண்டே.

பதினாறாம் தேதி அனிமேஷன் கம்பெனியில் அந்தக் காக்காவைக் காட்டினால்தான் எனக்கு வேலை. அது உங்களுக்குத் தெரியும்.

பத்மப்ரியா


மாரெட்பள்ளி
9-5-2008

என் அன்பு ப்ரியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இன்னும் திருச்சியில்தான் இருக்கிறாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுகிறவன், எனக்குக் காக்கா படம் என்ன தெரியும்? கை தவறி நாலைந்து தடவை அமுக்கிவிட்டாய் என்று நினைத்தேன். வேண்டுமென்று செய்வேனா? ஃபேன் காற்றில் இறகு ஆடுகிறது என்றாயே, இந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் வேர்த்து வடிய உட்கார்ந்தவன் நான். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார். காக்காவுக்காகப் புருஷனை விட்டுப் போனாள் என்று ஊர் சிரிக்காதா? வந்துவிடு. இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

உன்
ஸ்ரீ


மௌலா அலி
17-5-2008

அருமைக் கணவருக்கு,

வியாழக்கிழமை நீங்கள் ஆபீசில் இருந்தபோது துணி எடுக்க வந்தேன். திருச்சி போகுமுன் காக்கா படங்களை இரண்டு சிடியில் போட்டுப் பட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன், உங்களிடம் சொல்லவில்லை. அங்கே இல்லை. பீரோவுக்குப் பின்னால் பேப்பரில் சுற்றிக் கிடந்தன, இரண்டும் இரண்டு துண்டாக. டிஸ்க் நிரம்பினால் சேலை மடிப்பில் இருக்கிற சிடியை எதற்கு ஒடிக்க வேண்டும்? வாய் கூசாமல் பச்சைப் பொய் எழுதினீர்களே.

நேற்று வெறுங்கையோடு கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தேன். கையில் ஒரு படம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வாங்க என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். சபீனா "திரும்பிப் போறதெல்லாம் நக்கோ, வேணாம்" என்கிறாள். போவதாக இல்லை.

உங்களைச் சும்மா விடவும் போவதில்லை. காமிராவை எடுத்து வந்துவிட்டேன். இவள் வீட்டுப் பின்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் புதுப் படம் ஆரம்பித்திருக்கிறேன். கதாநாயகன் க்ளேயில் செய்த நீங்கள்தான்.

பத்மப்ரியா


மாரெட்பள்ளி
24-11-2008

ப்ரியா,

என் மானம் கப்பலேறிவிட்டது. எங்கள் ஆபீஸ் ஃபேமிலி டேயில் ஊழியர்களின் மனைவிமார் எடுத்த குறும்படம் என்று அறிவித்தபோது, நீ அனுப்பியது என்று தெரியாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து நான்தான் பலமாகக் கைதட்டினேன். திரையில் என் தொப்பை, என் முன்வழுக்கை, தூங்கும்போதும் கழுத்தில் தொங்கும் என் ஆபீஸ் அட்டை. அந்த ஆள் ஒரு பொத்தானை அமுக்குகிறான், அவன் மனைவியின் தையல் மெஷின் காணோம். அமுக்குகிறான், சேலை காணோம். அப்புறம் அவளே காணோம். வெறும் அறையில் அவன் காபி, காபி என்று கத்தினபோது எழுநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது என் டீமில் எனக்குப் பேர் 'டெலீட் காரு', தெலுங்கு மரியாதையோடு. மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒத்துக்கொள்கிறேன். சிடியை நான்தான் ஒடித்தேன். வேலை கிடைத்தால் நீ பம்பாய்க்குப் போய்விடுவாய், நான் தனியாகிவிடுவேன் என்ற பயம். வேறொன்றுமில்லை.

தயவுசெய்து அந்தப் பொம்மையையாவது என்னிடம் கொடுத்துவிடு. அதை வைத்து இன்னொரு படம் எடுத்தால் நான் தாங்க மாட்டேன். வீட்டுக்கு வா, மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸ்ரீ


மௌலா அலி
2-12-2008

ஸ்ரீகாந்துக்கு,

அந்தக் கம்பெனி பம்பாயில் இல்லை, அமீர்பேட்டையில் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் பஸ் தினமும் அதன் வாசலில்தான் திரும்புகிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்களைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. தொப்பை குலுங்குகிற இடத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். வக்கீல் கடிதம் தனியாக வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பொம்மையைத் தர முடியவில்லை. என் முதல் வேலை பல்பொடி விளம்பரம். சொத்தைப் பல்லுக்குள் கிருமிகள் உட்கார்ந்து தின்ன வேண்டும். கிருமிக்கு வேண்டிய நிறத்தில் க்ளே அபிட்ஸ் கடைகளில்கூடக் கிடைக்கவில்லை, அதனால் உங்களைப் பிசைந்தேன். ஏழு கிருமி தேறியது. தொப்பையில் மட்டும் மூன்று.

நாளைக் காலை பிரஷ் வந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தள்ளுகிறது. இரண்டு நாள் வேலை, உதவிக்கு ஆள் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்மப்ரியா