சத்தம் போட்டால் கதவு திறக்காது

செவ்வாய்க் கிரகம், தென்முனைக் கூடம். சேவியர், கைக்கணினியில் தட்டுவது.

நாள் 212 – 09:10
காற்று, நீர், மின்சாரம் சரி. பூமியிலிருந்து, கணினித் திரையை வடிவமைக்கும் குழு புதிய விதியை ஏற்றியிருக்கிறது. கூடத்தின் எல்லா வேலைகளும் கணினிக்குள் ஒரே வரைபடமாக இருக்கின்றன. அதைப் பார்த்து, அந்தந்த நேரத்துக்கு வேண்டிய பொத்தான்களைத் திரையில் கணினியே வரைந்துகொள்ளும். இனி எங்கள் குரலையும் கேட்டு வரையுமாம். ஆள் பதற்றமாக இருந்தால் பொத்தான்களைக் குறைத்துவிடும். இங்கே இருப்பது நானும் இசக்கியப்பன் அண்ணாச்சியும்தான். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். நலம் விசாரித்தாலே தெருமுனைக்குக் கேட்கும்.

நாள் 213 – 11:40
"ஏல, காப்பி போட்டியா?" என்றார் அண்ணாச்சி. பாதிப் பொத்தான்கள் போய்விட்டன. பூமிக்குப் புகார் அனுப்பினேன். குழுத் தலைவர் வைத்தீஸ்வரனின் பதில்: "கொஞ்சம் மெதுவா பேசிப் பழகுங்க சார். இங்க அம்பது பேர வச்சு டெஸ்ட் பண்ணியாச்சு, யாருக்கும் பிரச்சினை இல்ல." ஏசி அறையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த ஐம்பது பேர்! அவர்களைக் கொண்டுவந்து இங்கே நிறுத்த வேண்டும்.

நாள் 214 – 15:02
அண்ணாச்சி வெளியே ஆன்டெனாவைப் பழுது பார்க்கிறார். மணற்புயல் வருகிறது. ரேடியோவில் ஒரே இரைச்சல். திரும்பி வரச் சொல்லிக் கத்தினேன். கத்தாமல் எப்படிச் சொல்வது?

15:09
வந்துவிட்டார். வெளிக்கதவுப் பொத்தான் திரையில் இல்லை. கதவுகளைக் கையால் திறக்கும் சக்கரங்களை எடை மிச்சம் என்று பூமியிலேயே கழற்றிவிட்டார்கள், பாவிகள்.

15:14
"ஏல சேவியரே, கதவத் தொற. காத்து கொறையுதுல."
திட்டுகிறேன். திட்டத் திட்டப் பொத்தான்கள் போகின்றன. மிச்சம் ஒன்றே ஒன்று: மூச்சுப் பயிற்சி. நாசமாய்ப் போகட்டும் உங்கள் விதி!

15:21
"கதவத் தொற, ஏல..."
வேறு வழியில்லை. மூச்சுப் பயிற்சி செய்கிறேன். உள்ளே. வெளியே. அழக்கூடாது. அழுதாலும் பதற்றம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

15:33
பொத்தான் வந்தது. வெளிக்கதவு திறந்தது. அண்ணாச்சி இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள அறைக்குள் தவழ்ந்து வந்து குப்புற விழுந்தார். வெளிக்கதவை மூடினேன். இனி உள்கதவு மட்டும்தான்; அது திறந்தால்தான் அவருக்குக் காற்று. கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் விரல் அசைந்தது. உயிர் இருக்கிறது! அண்ணாச்சீ என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

15:34
உள்கதவுப் பொத்தான் போய்விட்டது.

15:50
விரல் அசையவில்லை. நான் சத்தமே போடவில்லை. இப்போது எல்லாப் பொத்தான்களும் வந்துவிட்டன. நடுவில் ஒரு கேள்வி: இந்தத் திரை உங்களுக்கு உதவியாக இருந்ததா?
கீழே ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. ஆம்.