பீரோவில் ஒரு சிவப்புத் துணி

ஜூலை 10, வியாழன்

காலையிலிருந்து மழை. கரியாஹாட்டில் முழங்கால் தண்ணீர். அப்பாவின் பிரஷர் மாத்திரை, கறிவேப்பிலை வாங்கியாச்சு. குடை ரிப்பேர் மறந்தே போச்சு.

கடற்படை விமானிகளைப் பற்றிய போர்ப்படம் வந்திருக்கிறதாம். என் மகள் மிது ஞாயிறு மாலைக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். அவள், நான், அப்பா. "தாத்தா நேவியில ப்ளேன் மெக்கானிக்கா இருந்தவரு. நாம பாக்காம வேற யாரு பாப்பாங்க?" காலேஜ் முழுக்கத் தம்பட்டம். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "போவோம்" என்றார். அவ்வளவுதான். கப்பலைப் பற்றி இந்த மனிதர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பேங்க் வேலைக்குக் கல்கத்தா வந்த அன்றுதான் பிறந்தவர் மாதிரி.

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். ஆபீஸில் எல்லோரையும் சால்ட் லேக்கில் அதே படத்துக்குக் கூட்டிப்போனார்கள். போகாமலே இருந்திருக்கலாம்.

விமானம் கடலில் விழப் போகிறது. விமானி, இருக்கையோடு வெளியே பாயக் கைப்பிடியை இழுக்கிறான். அசையவில்லை. கிளம்புமுன் இருக்கையிலிருந்து உருவ வேண்டிய பாதுகாப்பு ஊசி ஒன்றை மெக்கானிக் மறந்துவிட்டான். விரல் நீளம், சிவப்புத் துணி கட்டியது.

அதே ஊசி அப்பாவின் பீரோவில் இருக்கிறது. சின்ன வயதில் அதை எடுத்து விளையாடியதற்கு அடித்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

வந்ததும் பார்த்தேன். அதே இடம், வேட்டிகளுக்கு அடியில். மறந்தவன்தானே இப்படி ஒளித்து வைப்பான்? கடவுளே.

ஜூலை 12, சனி

கேஸ் வந்தது. ரசம் உப்பு.

மிதுவிடம் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொன்னேன். சத்தம் ஜாஸ்தி, தாத்தா பிரஷருக்கு ஆகாது என்று அளந்தேன். "மா, துமி பாகோல் நாகி? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். உள்ளேயிருந்து அப்பா: "ஏட்டி, நான் வருவேன். நீ வராட்டா இரு."

கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். ஜாதவ்பூரிலிருந்து டாக்ஸி, மூன்று பேருக்கும் ஒரு குடை.

அந்தக் காட்சியில் நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். கண் கொட்டாமல் இருந்தார். முடிந்ததும் வெளியே டீக்கடை, மண் குவளையில் டீ. "அந்த மெக்கானிக் பய ஊசிய எண்ணிக் காட்டல. அதான் தப்பு" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா, நீங்களும் மறந்துட்டீங்களா? பீரோவுல இருக்கே, அந்த ஊசி."

மிது என் கையைக் கிள்ளினாள். அப்பா என்னையே பார்த்தார்.

"மறந்திருந்தா அது சீட்டுலேயே இருந்து என் பைலட்டோட கடலுக்குள்ள போயிருக்கும்ட்டி. பீரோவுக்கு எப்படி வரும்?"

ஐயோ, இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லையே. மூன்று நாளாக என் அப்பாவைக் கொலைகாரர் ஆக்கி வைத்திருந்தேன். அழுதுவிட்டேன், கடையில் நின்றபடியே.

"எல்லாத்தையும் உருவி கையில பிடிச்சுக் காட்டணும். அவரு எண்ணிட்டுத் தலையாட்டினாத்தான் விடணும். அன்னைக்கும் எண்ணினாரு, தலையாட்டினாரு. சண்டையில ப்ளேன எதிரி சுட்டுச் சாய்ச்சுட்டான். மத்த ஊசியெல்லாம் ஸ்டோர்ல திருப்பிக் குடுத்தேன். ஒண்ணு மட்டும் தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி வச்சிக்கிட்டேன்."

"ஏன் தாத்தா?" என்றாள் மிது.

குடித்து முடித்த குவளையைக் கீழே போட்டு உடைத்தார், இங்கே எல்லோரும் போடுவது போல.

"அவரு வந்து எறங்குனதும் நாந்தான திருப்பி மாட்டணும்."