மல்லிகா மாற்றிய வரிசை

பிரியமுள்ள மாப்ளே வேலுச்சாமிக்கு,

நீ கண்ணை மூடிய பிறகும் உன் யோகா வகுப்பு நிற்கவில்லை. உன் மனைவி மல்லிகா நடத்துகிறாள். இடம் மாறவில்லை, தனபால் கடையின் மாடிதான். கீழே ஏலக்காய் மூட்டை தைக்கிறார்கள். வாசனை மேலே வரை வருகிறது. ஆனால் வகுப்பில் ஒரு மாற்றம். அதை நடந்தது நடந்தபடி உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

முதல் சில மாதங்கள் அவள் நீயாகவே இருக்கப் பார்த்தாள். உன் ஆசன வரிசை, உன் சொற்கள், உன்னைப் போலவே முன்னால் நின்று ஒவ்வொன்றையும் செய்து காட்டுவது. காலையில் வரும் வியாபாரிகளுக்கு அதில் திருப்தி. கடைசி வரிசையில் படுத்து, அவள் வாயில் உன் சொற்களைக் கேட்ட எனக்குத்தான் சில நாள் சங்கடமாக இருந்தது.

பிறகு மாலையிலும் ஒரு வகுப்பு தொடங்கினாள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போய் ஜீப்பில் திரும்பும் பெண்களுக்காக. நீ காலையில் கதவைத் திறக்கும் நேரத்தில் அவர்கள் மலையேறிக்கொண்டிருப்பார்கள். உனக்கு அது எப்போதாவது தோன்றியதா? நான் கேட்டதில்லை.

ஒரு மாலை தோள் வலியால் அவளால் செய்து காட்ட முடியவில்லை. வாயால் சொல்லிவிட்டு, சுற்றி நடந்து பார்த்தாள். குனியச் சொன்னதும் எல்லோருடைய கையும் சுலபமாகத் தரையைத் தொட்டது. நிமிரும்போதுதான் ஒவ்வொருத்தியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்தாள். பகல் முழுவதும் ஏலச்செடியின் அடியில் குனிந்திருந்துவிட்டு வந்தவர்கள் அல்லவா? அதுவரை மல்லிகாவும் அவர்களோடு சேர்ந்து குனிந்துகொண்டிருந்ததால் அதைக் கண்டதில்லை.

மறுநாள் வரிசையை மாற்றினாள். முதலில் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைக்கச் சொன்னாள். பேச்சியம்மா என்ற பெண் படுத்தபடியே, "ஏத்தா, இதுக்குப் பேருதான் யோகாவா? எங்க வீட்டாளு தெனமும் இதத்தான செய்யிறாரு," என்றாளாம். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது என்றாள் மல்லிகா.

காலை வகுப்பிலும் அவள் ஆளைப் பார்த்து வரிசையை மாற்றத் தொடங்கியதும்தான் சிக்கல். தனபால் என்னைத் தேடி வந்தார். அவர் மாடிச் சாவியைத் திருப்பிக் கேட்டால் வகுப்பே இல்லை.

"நீங்க அவருக்கு உசுரான ஆளு. அண்ணன் இருந்தா இத ஒத்துக்கிருவாரா? ஒரு வார்த்த சொல்லுங்க, அந்தப் புள்ள கேட்டுக்கிரும்."

நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பது வேறு, நீ சொன்னது வேறு. இத்தனை வருட நிருபர் வேலையில் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக நான் செய்தியில் எழுதியதில்லை. இதைப் பற்றி நீ எதுவும் சொன்னதில்லை, உன் பெயரில் நான் சொல்ல முடியாது என்றுதான் தனபாலிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை மல்லிகாவும் வந்தாள். "அண்ணே, அவரு இருந்தா சரின்னுதான சொல்லியிருப்பாரு?"

அவளுக்கும் அதே பதில்தான். தனபாலிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள்.

"அப்ப நான் சொல்றதுதான்," என்று எழுந்தாள். "தனபால் அண்ணன்ட்ட நானே பேசிக்கிறேன்."

என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. காலை வகுப்பில் சிலர் நின்றுவிட்டார்கள். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று தோன்றவில்லை. தனபால் வருகிறார். நேற்றுகூடச் சுவரில் காலை நீட்டியபடி, "வெரசா முடிச்சுவிடு தாயி, ஏலத்துக்குப் போகணும்," என்றார்.

"போகலாம்ணே. மொதல்ல மூச்ச விடுங்க," என்றாள் அவள். அவர் விட்டார்.

உனக்கு இதெல்லாம் வருத்தமா மாப்ளே? இல்லை, அவளைப் பார்த்துச் சிரித்திருப்பாயா? இனியும் என்னிடம் வந்து கேட்பார்கள். உன் பெயரைச் சொல்லி அவளைத் தடுக்கவும் மாட்டேன், தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். கடைசி வரிசையில் என் பாயை விரித்து, அவள் சொல்கிறபடி செய்வேன்.

மல்லிகாவுக்கு அண்ணனாகவும் உனக்கு மச்சானாகவும் இருக்கிற,
சுப்புராம்