பாக்கியம் மோந்த ரோஜா

புரட்டாசி, ஞாயிறு இரவு

எழுத்து வரியை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. இந்த வயதில்தான் எழுதப் பழகிய கை. படிக்கப்போவது நான்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் மகள் வீட்டில் கடல் உப்புக்காற்று பட்டுக் கருகிக் கிடந்த இங்கிலீஷ் ரோஜாச் செடியைத் திருத்தங்கலுக்குக் கொண்டுவந்து, வேப்பமர நிழலில் வைத்துத் தேற்றினேன். இன்று முதல் பூ விரிந்தது. இளஞ்சிவப்பு, அடுக்கடுக்காக இதழ்கள். வாசல்வரை மணத்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை.

பூவைப் பறித்துக்கொண்டு பாக்கியத்திடம் ஓடினேன். என் மனைவி பல வருடமாகப் பட்டாசு ஆலையில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலைக்குப் போகிறாள். மூக்கோடு ஒட்டி மோந்தாள்.

"வாசமே இல்லயே. சீமைப்பூ இம்புட்டுத்தானா?"

"நல்லா மோந்து பாரு."

"மருந்து வாடைதான் வருது."

இன்று அவளுக்கு லீவு. தலைக்குக் குளித்திருந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தீவாளி சீசன் முடியட்டும். இப்ப லீவு கேட்டா விடுவாகளா?"

பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"மூஞ்சிய ஏன் தொங்கப் போடுறீக? வாசம் உங்களுக்கு வருதுல்ல, பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். மணத்துக்கொண்டே இருந்தது.

அசதியாக இருக்கிறது. செடியில் இன்னொரு மொட்டு இருக்கிறது. அடுத்த ஞாயிறு விரிந்துவிடும். அதையும் அவளிடம் நீட்டிவிட்டு, என்ன சொன்னாள் என்று எழுத வேண்டும்.