இரண்டு முறை சுருக்கப்பட்ட என் மகளின் கோப்பு குறித்து

அனுப்புநர்:
விண்ணப்பதாரரின் தகப்பனார்,
ஃப்ரிட்ஜ் மெக்கானிக்,
சைக்கிள் கடை மாடி, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
சேர்க்கை அலுவலர் அவர்கள்,
வடிவமைப்புக் கல்லூரி.

பொருள்: மகளின் படைப்புத் தொகுப்பு தங்கள் இணையதளத்தில் மறுபடியும் சுருக்கப்பட்டு, தெளிவில்லை என நிராகரிக்கப்பட்டது – மூலக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகக் கவுன்ட்டரில் என் மகளின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டம் வந்தது. கதவு மூடிய ஃப்ரிட்ஜை வரைந்திருக்கிறாள் போலும் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவரிடம், "எப்படி வரைஞ்சிருக்கா பாத்தீங்களா" என்று பெருமையடித்துக்கொண்டேன். அது ஓடாமல் நின்றுபோன வீடியோ என்று மகள் என் காதருகில் சொன்னாள். இந்த அளவு விவரம் உள்ளவன்தான் இந்த மனுவை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2. அவளுடைய தொகுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. எல்லாம் அவள் கையால் வரைந்த படங்கள். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். இன்னொன்றை அழுத்தினால் பின்பக்கம் தெரியும். கடைசிப் பொத்தானில் மட்டும் வீடியோ, அதில் நான் வருவேன். பனியனோடும் தொந்தியோடும் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

3. கோப்பு இருபது எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி. முதலில் முப்பத்தைந்து வந்தது. "இதுல பாதிக்கு மேல அப்பாதான்" என்றாள் மகள். "வீட்லதான் இடத்தை அடைச்சிட்டு இருக்காரு, ஃபைல்லயுமா" என்றார் என் மனைவி. படங்களின் தரத்தை 'நடுத்தரம்' என்று வைத்துப் பார்த்தாள். பென்சில் கோடுகள் ஈரத்துணியால் துடைத்தது போல் ஆகிவிட்டன. குழாய் எது, ஒயர் எது என்று தினமும் அதற்குள் கையை விட்டு வேலை செய்யும் எனக்கே பிடிபடவில்லை. ஆகவே படங்களை உயர்தரத்திலேயே விட்டுவிட்டு, வீடியோவின் அகல உயரத்தைப் பாதியாக்கி, நீளத்தையும் வெட்டினாள். நான் கொஞ்சம் மங்கினேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கோப்பு பத்தொன்பது எம்பியில் வந்து நின்றது. எங்கள் வீட்டுக் கணினியில் எல்லாப் பொத்தான்களும் வேலை செய்தன.

4. அதைத்தான் தங்கள் தளத்தில் ஏற்றினாள். 'படங்கள் தெளிவில்லை, காணொளி இணைக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. தளத்தில் இருந்த கோப்பை இறக்கிப் பார்த்தால் இரண்டு எம்பிதான் இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த அம்மாவிடம் கேட்டோம். "அது எல்லாருக்கும் தானா சுருக்கிடுதுங்க. போட்டோ ஒட்டின விண்ணப்பத்துக்காக எப்பவோ வெச்ச ஏற்பாடு. பொத்தான் வெச்ச ஃபைலெல்லாம் இந்த வருஷம்தானே கேக்கறோம்" என்றார். மரியாதையாகவே பேசினார், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. சுருக்கச் சொன்னதும் தாங்கள், சுருக்கிக் கொடுத்ததை மறுபடி சுருக்கியதும் தாங்கள், தெளிவில்லை என்று தள்ளியதும் தாங்கள் என்பதே என் புகார்.

5. நேர்முகத் தேர்வுப் பட்டியல் வரும் வியாழனன்று வெளியாகிறது. அடுத்த ஆண்டு மகளுக்கு வயது வரம்பு கடந்துவிடும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. வீடு திரும்பும்போது பேருந்தில், "விடுப்பா, நல்லா வரைஞ்சிருந்தா மங்கலா இருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்" என்றாள். அன்றிலிருந்து பென்சிலைத் தொடவில்லை. இயந்திரம் செய்த கோளாறைத் தன் கையின் கோளாறு என்று நம்பத் தொடங்கியிருக்கிறாள். நான் சொல்லிப் பார்த்தேன். 'அப்பான்னா அப்படித்தான் சொல்லுவாரு' என்கிற பார்வைதான் பதில். தங்கள் குழு சொன்னால் கேட்பாள்.

6. எனவே, பட்டியல் முடிவாகும் முன் இத்துடன் உள்ள மூலக் கோப்பைக் குழுவினர் ஒருமுறை திறந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். இணைய உலாவியில் வீடியோ ஓடாமல் போகலாம், பிடிஎஃப் படிக்கும் மென்பொருளில் திறக்க வேண்டும் என்று மகள் எழுதச் சொன்னாள். பார்த்த பிறகும் தகுதியில்லை என்றால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். இதே ஆண்டு இப்படித் தள்ளப்பட்ட மற்றப் பிள்ளைகளின் கோப்புகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தால் நன்று.

நாள்: திங்கட்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் தகப்பனார்

இணைப்பு: பென்டிரைவ் ஒன்று.

(பேனாவால் சேர்த்தது) ஐயா, மேலே உள்ளதை மகள்தான் தட்டச்சு செய்தாள். இது அவள் பார்க்காதது. அளவைக் குறைக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, "வீடியோவை எடுத்துடட்டுமாப்பா, படமெல்லாம் தாராளமா வைக்கலாம்" என்று கேட்டாள். "உன் இஷ்டம்மா" என்றேன். அவளாகவே வைத்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.